ராஜா திருந்த வேண்டுமாம்

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் தமிழ் மன்ற ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகம் இன்று மாலை இந்த அரபு ஊரின் சத்வா பகுதியில் நடந்த ஒத்திகையிலேயே செத்துப் போயிற்று. திரேஸ் நாட்டு ராஜா தெரேயுஸின் கிரேக்கக் கதை அது. மனைவியின் தங்கையைக் கெடுத்துவிட்டு, வெளியே சொல்லிவிடுவாளோ என்று அவள் நாக்கை அறுத்துவிடுகிறான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள்.

ராஜா வேஷம் மன்றத் தலைவர் பாஸ்கரனுக்கு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. அட்டைக் கிரீடத்தைக் கழற்றாமலே சொன்னார்: "மேடம், ஃபேமிலி ஆடியன்ஸ். நாக்கு மேட்டர் வேண்டாம். அந்தப் பொண்ணு பிறவி ஊமைன்னு மாத்திடுங்க. கடைசியில ராஜா திருந்தி ஒரு பாட்டு பாடட்டும்."

பாடுவாராம். அந்தக் குரலுக்கு ஏசி இரைச்சலே தேவலை.

தங்கையாக நடிக்கும் நர்ஸ் செல்வி கேட்டாள்: "பிறவி ஊமைன்னா ராஜா என்ன சார் தப்பு பண்ணான், திருந்துறதுக்கு?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. கலாஸ்," என்று அரபியில் பேச்சை முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவரும்தான்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன். "மாத்திடலாம் சார்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க மேடம்," என்று அவள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

இவ்வளவு நேரம் பாஸ்கரனைத் திட்டி எழுதியாயிற்று. அவர் வாயால் கேட்டார், அவ்வளவுதான். இரண்டு பக்கத்தை அடித்துக் கொடுத்தவள் நான்.