திரையரங்கில் எழுந்து நின்றவன்

ஓல்டன்
20.10.2024

அன்புள்ள மச்சான் அருட்செல்வனுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காதவனிடம் வேறு எப்படி விசாரிப்பது? அதுதான் முத்திரை ஒட்ட வேண்டியதாயிற்று.

பேர்ணில் அந்தப் படம் பார்த்து ஒரு வாரமாகிறது. நாசித் தலைவன் ஒருவனைக் கொன்ற பெடியளைக் கடைசியில் சுற்றி வளைத்தார்கள். அவர்கள் நிலவறையில் செத்துக் கிடந்தபோது நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்ததல்ல. ஒவ்வொரு நவம்பரும் போராளிகள் நினைவுநாளில் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று பழகிய கால்கள், தாமாகவே எழும்பிவிட்டன. பின்னால் இருந்த சுவிஸ்காரிகூடத் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள். நீதான் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, "இரடா, நிண்டது காணும்" என்றாய்.

அகதி முகாமில் தொடங்கிய சிநேகிதம். நீ என்னால் வெட்கப்பட்டாய் என்பது மனதை உறுத்துகிறது. இனி நாங்கள் சேர்ந்து படம் பார்ப்பதா, இல்லையா? ஒரு வரி எழுது.

உன்
தவராஜா

---

பேர்ண்
29.10.2024

தவராஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு சமைக்கிற இரண்டு பேர் லீவு. பதில் சுணங்கிவிட்டது.

நான் வெட்கப்படவில்லை. அந்தத் தலைவன் செத்ததற்குப் பழிவாங்க ஒரு கிராமத்தையே எரித்தார்களே, நினைவிருக்கிறதா? ஆண்களை மதிலோடு நிறுத்திச் சுட்டார்கள். அப்போது நீ சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாய். பெடியள் செத்ததும் எழும்பி நின்றாய். அதுதான் இழுத்தேன்.

உன் தம்பி சந்தியில் கண்ணிவெடி வைத்து ஆமி ட்ரக்கைத் தகர்த்தான், அங்கேயே செத்தான். அன்று பின்னேரம் ஆமி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, வேலி அடைத்துக்கொண்டு நின்ற, என்னைப் பெற்ற ஐயாவைச் சுட்டது. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகாமில் ஒரே அறையில் படுத்திருந்தும் நாங்கள் இதைப் பற்றிக் கதைத்ததில்லை. உன் தம்பிக்கு ஒவ்வொரு வருடமும் மண்டபம், பூ, விளக்கு. ஐயாவுக்கு எவன் எழும்பி நின்றான்? எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

படம் பார்ப்பதைப் பற்றி இப்போது கேட்காதே.

அருட்செல்வன்

---

ஓல்டன்
17.11.2024

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். "அவர் சொல்லுறதில என்ன பிழை?" என்று கேட்டுவிட்டு ஜெயந்தி இடியப்பம் அவிக்கப் போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஆதரவு அவ்வளவுதான்.

நினைவுநாள் ஒழுங்கு செய்பவர்களிடம் போனேன். தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் உன் ஐயாவின் படத்தையும் வைக்கலாமோ என்று கேட்டேன். "அண்ணை, இது போராளியளுக்கு மட்டும். பொதுமக்களுக்கு மே மாதம் வேற நினைவுநாள் இருக்குத்தானே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் மரியாதையாகத் தம்பியின் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி செய்தது பிழை என்று என்னால் எழுத முடியாது. அதை என்னிடம் கேட்காதே. ஆனால் உன் ஐயாவுக்கு நான் எழும்பி நிற்க வேண்டும், நிற்பேன். இந்த முறை விளக்கு எங்கள் வீட்டில்தான், இருவருக்கும். ஐயாவின் படம் ஒன்று அனுப்பு. நல்ல பிரேம் போட்டு வைக்கிறேன். நீ வராவிட்டாலும் அனுப்பு.

உன்
தவராஜா

---

பேர்ண்
21.11.2024

மச்சான்,

ஐயாவுக்குப் படம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று ஆமி கொளுத்திய வீட்டோடு அதுவும் எரிந்துபோனது.

விளக்கு மட்டும் போதும். அதற்காகத் தம்பியின் படத்தை எடுத்துவிடாதே, அது விளக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நினைவுநாளன்று, புதன்கிழமை, வேலை முடிந்ததும் நேரே ரயிலேறுகிறேன். ஜெயந்தியிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவை.

ஐயா இருந்து, உன் தம்பியைக் கண்டிருந்தால் முதலில் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார். ஏசி முடிந்ததும், "சாப்பிட்டியோ?" என்று கேட்டிருப்பார்.

அருட்செல்வன்