நிற்கிற படத்துக்கு ஓம் சொல்லமாட்டேன்

லண்டன், 1998

அன்புள்ள வாப்பாவுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி? உம்மாவின் சீனி வருத்தம் குறைந்ததா? நான் சுகம்.

வேலையில் ஒரு சண்டை, பெரிதில்லை. டீவியில் மாட்டி விளையாடும் பெட்டிக்கு நாங்கள் செய்யும் கேமில் கடல் மினுங்க வேண்டும் என்று மனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். மினுங்க வைத்தால் அந்தப் பெட்டிக்கு இழுக்காது. விநாடிக்கு முப்பது படம் மாற வேண்டியது பதினைந்தாகி, கேமில் ஓடுகிறவன் நொண்டுகிறான். "பத்திரிகையில் போடும் படம் வடிவாக இருந்தால் போதும், அது ஓடவா போகிறது?" என்றார். "அப்போ பத்திரிகையையே விற்றுக்கொள்" என்று கத்திவிட்டேன். இப்போது என்னைத் தனி மேசையில் இருத்தியிருக்கிறார்கள். ஒருவரும் கதைப்பதில்லை.

நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். மருதமுனைப் பெண்ணின் ஸ்டூடியோப் படத்தை அனுப்பி, "புள்ள நல்ல வடிவு மகன், கலியாணத்துக்கு நான் ஓமெண்டு சொல்லிட்டன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நிற்கிற படத்துக்கு நான் ஓம் சொல்லமாட்டேன். படத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

இனிப் படம் வேண்டாம். கசட் ஒன்றில் நீங்களே கதைத்து அனுப்புங்கள். ஏசுவதென்றாலும் இரண்டு பக்கமும் நிறைய ஏசுங்கள். தபால் வேன் வந்துவிட்டது.

மகன்,
அஸ்பாக்