முப்பத்தொரு வினாடி

இன்று காலை மெஷினைச் சூடாக்கி, உள்ளே தங்கியிருந்த பழைய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளியபோது, அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் வந்தது. "நம்ம சர்ச்சு மணக்குது மக்கா" என்று தினமும் இந்த நேரத்தில் சொல்வாய். தினமும் எனக்கு எரிச்சல் வரும். இந்த பிளாஸ்டிக் உருகினால் அப்படித்தான் மணக்கும். அதில் சர்ச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எரிச்சல் அப்படியே இருக்கிறது.

பாறசாலைக்கு இந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு தகர ஷெட். ஒரு பழைய மெஷின். தேன் பாட்டில் மூடிக்கு ஒரே ஒரு அச்சு. இதற்கு நாம் இரண்டு கூட்டாளிகள். அச்சு வடிவமைக்கப் படித்தவன் நான். மெஷினை ஓட்டியது, ஒன்றும் படிக்காத நீ.

அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு மூடியைப் பாட்டிலில் திருகி, "கிறுகிறுன்னு கேறுது, நோக்கு" என்று காட்டுவாய். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சூடான மூடிக்கு அளவு ஏது? அச்சுக்குள் இருக்கும்வரை எஃகு அதைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே வந்தால் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும், மறுநாள் வரைக்கும் சுருங்கும். ஆறுவதற்குள் எடுத்துவிட்டால் இன்னும் அதிகம் சுருங்கும். இவ்வளவுதான் விஷயம், இது உன் தலையில் ஏறவில்லை. நாளைக்கு அளந்து பார் என்றால், "நாளைக்க அளவ வச்சிட்டு இண்ணைக்கு எப்பிடிலே லோடு கேற்றுவேன்?" என்று வாய் பேசுவாய்.

மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரி ஒரு சாக்கு மூடியைத் திருப்பிக் கொண்டுவந்து நம் முன்னால் கொட்டினார். "சாம்பிள் மூடி பூப்போல கேறிச்சு. இது இறுக்குனா கீறுது. தேனு எறும்புக்காக்கும் போவுது" என்றார். ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் நல்ல மூடி வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். நமக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவர் போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

மணிக்கொரு மூடியாக எடுத்துவைத்து மறுநாள் அளந்தேன். காலையில் எடுத்தது ஏறியது. மத்தியானத்துக்குப் பிறகு எடுத்தது இறுகியது. பிளாஸ்டிக் மணிகளைச் சந்தேகப்பட்டேன், அச்சைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், அழுத்தத்தைச் சந்தேகப்பட்டேன். நாலு நாள் போயிற்று. நீ எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய், வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை சும்மா உன் பின்னால் நின்றேன். அச்சு மூடியது. உன் உதடு அசைந்தது. "ஆமென்" என்று சொல்லி சுவிட்சைத் தட்டினாய். அச்சு திறந்தது.

"எலே, டைமர் எங்க?"

"அது கேடாயி மூணாழ்ச்ச ஆச்சு."

"பின்ன எதை வச்சு அச்சத் தொறக்கே?"

"ஒரு பரமண்டல ஜெபம். செரியா வரும் மக்கா."

"காலம்பறயும் சாய்ங்காலமும் ஒரே வேகத்துலயா ஜெபிக்கே?"

யோசித்தாய். "பசிச்சா கொஞ்சம் ஓடும்."

"நாலு நாளு எதுக்குலே சொல்லல்ல?"

"நீ களியாக்குவே."

களியாக்கத்தான் செய்தேன், கேலிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சந்திப்பு டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லி, உனக்கு 'ஆமென் டைமர்' என்று பேரும் வைத்தேன். அந்தப் பேர் சர்ச்சு வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையார் ஆமென் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சுக்காரர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஜெபத்தை வைத்து மெஷின் ஓட்டியவனுக்கு அது போதாது என்றுதான் நினைத்தேன்.

அன்றே காட்டாக்கடைக்குப் போய்ப் புது டைமர் வாங்கி மாட்டினேன். மூடியின் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டு இருபது வினாடி வைத்தேன். மறுநாள் அளந்தால் எல்லா மூடியும் ஒரே அளவு. ஒன்றுகூடப் பாட்டிலில் ஏறவில்லை. அச்சில்தான் கோளாறு, அதைக் கழற்று என்று கத்தினேன்.

நீ மெதுவாகச் சொன்னாய்: "சாம்பிள் எடுக்கப்பமே டைமர் கேடாக்கும். அப்போ நல்லா வரணும்னு நிறுத்தி நிறுத்தி ஜெபிச்சேன். அதுபோல ஒண்ணு நோக்கட்டா?"

வேறு வழி இல்லை. நீ கண்ணை மூடினாய், நான் போனில் நேரம் பார்த்தேன். முப்பத்தொன்று. மறுநாள் காலை அந்த மூடி ஏறியது. டைமரில் முப்பத்தொன்று வைத்து ஓட்டினோம். கெடு முடியும் நாளில் முதல் சாக்கு மார்த்தாண்டம் போயிற்று. வியாபாரி ஒரு பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை. "எஞ்சினியரு கண்டுபிடிச்சதாக்கும்" என்று நீ என்னைக் காட்டினாய். நான் திருத்தவில்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது, நம் ஊர் எலிப்பனி. மிச்ச லோடு போகட்டும் என்று அந்தக் காய்ச்சலையும் நாலு நாள் மறைத்தாய், முட்டாளே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. உன்னைப் புதைக்கும்போது மழை வலுத்தது. போதகர் பரமண்டல ஜெபத்தை ஓட்டினார். எல்லோரும் அழுதார்கள், நான் எண்ணினேன். பதினெட்டு. அதற்குள் எந்த மூடியும் ஆறாது.

ஷெட்டுக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் இந்த முப்பத்தொன்று எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டேன் என்கிறேன். கனம், சூடு, அழுத்தம் என்று வாயில் வந்ததைச் சொல்கிறேன். குறித்துக்கொண்டு போகிறார்கள்.

உன் வருட நினைவுக்கு வீட்டார் அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்காக என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். மற்றவர்கள் உன் நல்ல குணத்தை எழுதுவார்கள். நான் இதை எழுதுகிறேன்: அந்த எண் என் கணக்கு இல்லை, உன் ஜெபம். களியாக்குகிறவர்கள் இனி என்னைக் களியாக்கட்டும்.