மாயக்காளின் மஞ்சள்காணி

சின்னமனூர்,
12-2-1936

அன்புள்ள அப்பாவுக்கு அகிலாண்டம் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் பார்த்து வைத்த வீட்டின் தோட்டத்தில் பாதி வேறொருத்திக்குச் சொந்தம் என்பதால், வாங்கவே கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதி, வீட்டை விற்கிறவரின் தங்கை மாயக்காளுக்கு அவள் தகப்பனார் கல்யாணச் சீராகக் கொடுத்த மஞ்சள்காணி. அதையும் விலைக்குக் கேட்டுப் பார்த்தேன்.

“அண்ணன் வீட்ட விக்கிறாக. இதையும் நான் குடுத்துட்டா, பெறந்த எடத்துக்குள்ள எதச் சொல்லி வருவேன் டீச்சரம்மா?” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “கத்திரிக்கா காச்சா மொதல்ல உங்களுக்குத்தேன். நடுவுல செவரு மட்டும் வச்சுப்புடாதீக” என்றாள்.

எனக்கு நம் வீடு நினைவுக்கு வந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் தம்பி மனைவி எனக்கு விருந்தாளிக்குரிய வெள்ளி டம்ளரில்தான் காப்பி கொடுக்கிறாள். மரியாதைதான். குறை சொல்லவில்லை.

மாயக்காளின் பாதியை அவளுக்கே விட்டுவிட்டு, நேற்றுப் பத்திரம் பதிந்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் தங்க ஓர் அறை இருக்கிறது. தேனி வரை ரயில், அங்கிருந்து பஸ். அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் வேண்டும். தபால் கட்டும் நேரமாகிவிட்டது. என்மேல் கோபம் இருந்தால் கடிதத்தில் எழுதாதீர்கள் அப்பா, நேரில் வந்து திட்டுங்கள்.

உங்கள் மகள்,
அகிலாண்டம்