அப்பா பெயரில் ஒரு முழுக்கு

பால்மைரா,
செப்டம்பர் 1841

அன்பு மகன் லைமனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை கெசையாவும் சுகம். அப்பாவின் சுகம் எங்களைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியுமாமே.

உன் கடிதம் வந்தது. மிசிசிப்பி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, செத்துப்போன அப்பாவுக்குப் பதிலாக நீ முழுகி ஞானஸ்நானம் வாங்கினாயாம், இனி அவரும் உங்கள் சபையில் சேரலாமாம், நான் சந்தோஷப்பட வேண்டுமாம். எந்த அப்பாவுக்கடா? "அந்தத் தங்கத் தகட்டுல ஒண்ணைக் கொண்டாரச் சொல்லு, கலப்பைக்குக் கொழு அடிச்சுப் பாக்கலாம்" என்று, இந்த ஊர்க் குன்றில் தங்கத் தகட்டில் எழுதிய வேதத்தைத் தோண்டி எடுத்தேன் என்ற உங்கள் தீர்க்கதரிசியைக் கடைசிவரை கேலி செய்தாரே, அவருக்கா? பிடிக்காவிட்டால் மேலே அவர் மறுத்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். மறுத்திருப்பார், கவலைப்படாதே. ஏப்ரலில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது தெருவில் எந்த வண்டி போனாலும் "பையனா பாரு, பையனா பாரு" என்று கெசையாவை வாசலுக்குத் துரத்தினார். சபை கட்டுகிற கோயிலுக்குக் கல் உடைக்கிறேன், வர முடியாது என்று எழுதினாய். அவரைப் புதைக்க வராதவனுக்கு அவருக்காக ஆற்றில் இறங்க மட்டும் நேரம் கிடைத்ததே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

இந்தப் பக்கத்தில் கோதுமையைவிடத் தீர்க்கதரிசிகள்தான் நன்றாக விளைகிறார்கள். கெசையாவைப் பெண் கேட்டு ஒருவன் வந்தான், இன்னும் இரண்டு வருஷத்தில் உலகம் முடிகிறது என்கிறான். "அப்ப கல்யாணம் எதுக்கு, தனியாவே மேலே போங்க" என்று அனுப்பிவிட்டாள். ஆப்பிள் இந்த முறை ஏராளம், பறிக்கத்தான் ஆளில்லை. எனக்கும் நெஞ்சுச் சளி விடவில்லை. அங்கே ஆற்றோரக் காய்ச்சல் பொல்லாதது என்கிறார்கள், ஈரத் துணியோடு நிற்காதே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள், நான் போனபிறகு எனக்காக யாரும் முழுக வேண்டாம். உனக்கு அவ்வளவு பாசம் இருந்தால் நான் கண் திறந்திருக்கும்போதே வந்து வாசலில் நில்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன்னுடையவரோ என்னுடையவரோ, யார் காதில் முதலில் விழுகிறதோ அவர். அப்பாவின் கம்பளிக் கோட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது. அவருக்குப் பதிலாக நனைந்தவன் நீதானே, உனக்கு அளவாகத்தான் இருக்கும். அனுப்பமாட்டேன். வந்து போட்டுக்கொள்.

உன் அம்மா,
மெகித்தபேல் தாயர்