பாமினியை விட்ட நாள்

வெள்ளி, இரவு.

இன்று துணிந்து பாமினி எழுத்துருவைக் கைவிட்டு, கணினியிலிருந்தும் நீக்கினேன். என் ஆய்வேட்டில் தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் ஒரே பக்கத்தில் வருகின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடுகிறது. கூடப் படிக்கும் ஏறாவூர் றிபாயா இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தந்தாள். "எல்லாத்தையும் யூனிகோட்டுக்கு மாத்து கா, சிங்களமும் ஒழுங்கா வரும்" என்றாள்.

நான் அவசரக்காரி. முழு அத்தியாயத்தையும் ஒரேயடியாக மாற்றினேன். ஆங்கிலத்தில் இருந்த உசாத்துணை நூற்பட்டியலையும் பாமினி என்று நினைத்து மென்பொருள் தமிழாக்கிவிட்டது, எந்த ஊரிலும் பேசாத தமிழ். றிபாயா அதைச் சத்தமாக வாசிக்க, நூலகத்திலிருந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மரத்தடியில் இருந்து, பழைய கோப்பிலிருந்த பட்டியலை எடுத்து ஒட்டினோம்.

மத்தியானமே மேற்பார்வையாளர் மேடத்துக்கு அனுப்பினேன். சற்றுமுன் தொலைபேசியில் கோல் எடுத்தார். "வாசிச்சிட்டன் பிள்ளை. ஓரத்தில நிறையத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கன்."

பயந்துகொண்டே திறந்தேன். மேடம் இன்னும் பாமினியில்தான் எழுதுகிறார். என் புதிய மென்பொருள் ஓரக்குறிப்புகளை மாற்றித் தரவில்லை, எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அவர் சொன்ன குறைகளில் ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை.

நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். இன்றிரவு மட்டும் என் ஆய்வேட்டில் ஒரு பிழையும் இல்லை.