வாய் என்னுடையது

சென்னை
12.3.1991

அன்பு மயிலாளுக்கு,

வெள்ளிக்கிழமை என் படம் திருப்பூருக்கு வருகிறது. பனியன் கம்பெனியில் உன்னோடு வேலை செய்கிறவர்களையெல்லாம் கூட்டிப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

டைவிங்கில் மூன்று முறை மாநிலப் பரிசு வாங்கியவன் என்றுதான் எனக்கு இந்த வேஷம் கொடுத்தார்கள். பாலத்திலிருந்து ஒரே டேக்கில் ஆற்றில் குதித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். குதிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வசனம். "அம்மாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். டைரக்டர் சிரித்துவிட்டார்.

"ஊடு இல்லப்பா, வீடு."

"சரிங்க" என்றேன். பத்துத் தடவை சொல்லியும் வாய் ஊட்டுக்கே போனது.

நேற்றுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வாய் என்னுடையது, குரல் வேறு யாருடையதோ. அறைக்கு வந்து அந்த வசனத்தைத் தனியாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். கேட்க ஆளில்லை.

பாப்பா என்னைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. கம்பெனி போனில் என் குரலைக் கேட்டுத்தான் அவளுக்கு என்னைத் தெரியும். படத்தில் நான் பேசும்போது, "இது எங்கப்பா இல்லீங்க" என்று அவள் சொன்னால் அதட்டாதே.

ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். முதலில் அவளிடம் போனைக் கொடு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா